பாவை சொன்ன செய்தி

கண்ணுக்குத் தமிழர் தந்திருக்கும் இடம் பெரிது. பெற்ற குழந்தையைக் ‘கண்ணே’ என்று கொஞ்சுகிறோம். பொறுப்புள்ளவரைக் ‘கண்ணும் கருத்துமாக’ இருப்பவர் என்று போற்றுகிறோம். காலம் கடந்து செய்யும் காரியத்தைக் ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்று இடித்துரைக்கிறோம். இத்தனை வழக்குகளிலும் கண் என்று நாம் கருதுவது முகத்தில் தெரியும் அந்த உருண்டையை மட்டுமே. உருண்டை சற்றும் பழுதுபடாமல் இருக்கும்போதே பார்வை போய்விடக்கூடும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கும், பார்வை நரம்பு என்பது அறிவியல் பாடநூலில் அம்புக்குறியிட்டுக் காட்டப்பட்ட ஒரு பெயராகவே இருந்தது. என் தங்கை மகனுக்கு 2018ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு விபத்து அந்தப் பெயருக்குப் பொருள் கற்பித்தது.

துன்பம் ஒன்று வந்து வாசலில் நிற்கும்போது மனிதன் இரண்டு கேள்விகள் கேட்கிறான். ‘என்ன நேர்ந்தது?’ என்பது முதற்கேள்வி. ‘இனி என்ன ஆகும்?’ என்பது இரண்டாவது. எங்கள் முதற்கேள்விக்கு ஒரு டார்ச் விளக்கு ஒரே நிமிடத்தில் விடை தந்தது. இரண்டாவது கேள்விக்கு ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

அவனுக்கு அப்போது வயது 23. ஐ.டி.ஐ. படிப்பை முடித்து, ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்து வந்தான். இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று அவனைத் தூக்கி எறிந்தது. தலைக்கவசம் வண்டியில் தொங்கிக்கொண்டிருக்க, தலை தார்ச்சாலையில் மோதியது. இடப்புருவத்துக்கு மேல் இரண்டு அங்குலக் காயம். சில நிமிடங்கள் நினைவு இல்லை. அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் தையல் போட்டார்கள். தலைக்கு ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்றார்கள். நாங்கள் பெருமூச்சு விட்டோம். இமைகள் வீங்கி இடக்கண் மூடியே கிடந்தது. அந்த இமைகளுக்குப் பின்னால் பார்வை இருக்கிறதா என்று அங்கே இரண்டு நாள்களாக எவரும் சோதிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வீக்கம் சற்று வடிந்தபின், தற்செயலாக வலக்கண்ணைத் துடைத்துக்கொண்டவன் திடுக்கிட்டு என் கையைப் பற்றினான். “மாமா, இந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. உங்க முகம் தெரியல” என்றான்.

அன்றே பெரிய கண் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அவனைச் சோதித்தவர் நடுவயதுப் பெண் மருத்துவர். மிகக் குறைவாகப் பேசுபவர். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கையளவு டார்ச் ஒன்றை எடுத்தார். நலமான வலக்கண்ணில் ஒளியைக் காட்டினார். இரண்டு கண்பாவைகளும் சுருங்கின. ஒளியைச் சட்டென்று இடக்கண்ணுக்கு மாற்றினார். சுருங்கி நிற்க வேண்டிய பாவை மெல்ல விரிந்தது. மறுபடி வலம், சுருங்கியது. மறுபடி இடம், விரிந்தது. ஊஞ்சல்போல் நான்கைந்து முறை ஒளி சென்று வந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, “பார்வை நரம்பு அடிபட்டிருக்கிறது, ஐயா” என்றார்.

ஒளியைக் கண்டு விரியும் பாவையை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதன் காரணத்தை அவரே பின்னர் விளக்கினார். நம் இரு பாவைகளும் இணைபிரியாத இரட்டையர். எந்தக் கண்ணில் ஒளி விழுந்தாலும் செய்தி மூளைக்குச் செல்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளையோ இரண்டு பாவைகளுக்கும் சமமாகவே வருகிறது. நலமான கண்ணில் ஒளி விழும்போது செய்தி பலமாகச் செல்வதால் இரண்டும் நன்றாகச் சுருங்குகின்றன. பழுதுற்ற நரம்பின் பக்கம் ஒளி மாறும்போது செய்தி மெலிந்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்துவிட்டதென்றே மூளை கருதுகிறது, பாவைகள் விரிகின்றன. இதனை ‘மார்க்கஸ் கன் பாவை’ என்பர். ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய கண் மருத்துவர் ராபர்ட் மார்க்கஸ் கன் 1902இல் இத்தகைய குறியை விவரித்தார். ஒளியை மாற்றி மாற்றி வீசிச் சோதிக்கும் முறையை 1959இல் லெவட்டின் என்பவர் எடுத்துரைத்தார். நோயாளி வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நினைவிழந்து கிடப்பவனிடமும் இதைச் செய்து பார்க்கலாம். எதிரே நிற்பவரின் உருவம் சிறு பொம்மைபோல் அதில் தெரிவதால் அதற்குப் ‘பாவை’ என்று பெயரிட்டனர் நம் முன்னோர். இலத்தீனிலும் அதனைக் குறிக்கும் ‘பூப்பில்லா’ என்ற சொல்லுக்குச் சிறுமி, பொம்மை என்றே பொருள். அந்தப் பொம்மைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதை அன்று கண்டேன்.

அடுத்து, மருத்துவர் கருவிகொண்டு கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார். அங்கே விழித்திரையும் நரம்பின் முகப்பும் நலமாகவே இருந்தன. “அப்படியானால் கண் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று என் தங்கை ஆவலோடு கேட்டாள். இந்நோயின் வஞ்சகமே இதுதான். பார்வை நரம்பு ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வடம். அதில் 10 முதல் 12 இலட்சம் நுண்ணிழைகள் ஓடுகின்றன. கண் குழியின் பின்கோடியில், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகிய எலும்புக் குழாய் ஒன்றின் வழியாக அது மூளைக்குள் நுழைகிறது. மற்ற இடங்களில் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் நரம்பு, இந்தக் குழாயில் மட்டும் எலும்பின் உறையோடு ஒட்டிப் பிணைக்கப்பட்டிருக்கிறது. புருவத்தில் விழும் அடியின் வேகம் எலும்பின் வழியே ஓடி இந்த இடத்தில் வந்து குவிகிறது. இழைகள் சில அப்போதே அறுபடுகின்றன, சில கசங்குகின்றன. பின்னர் நரம்பு வீங்கினால், விரிந்துகொள்ள அங்கே இடமில்லை. இரத்த ஓட்டமும் குன்றுகிறது. காயம் இருப்பதோ ஆழத்தில். அதன் விளைவு கண்ணுக்குள் தெரியும் நரம்பு முகப்புவரை வந்து, அது வெளிறிப்போக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். புருவக் காயத்தால் பார்வை மங்குவதுண்டு என்பது ஹிப்போகிராட்டசின் பெயரால் வழங்கும் பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. தலையில் அடிபடுவோரில் நூற்றுக்கு ஐவருக்கு மேல் இது நேர்வதில்லை. நேர்ந்தவனின் வீட்டில் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

இனி இரண்டாவது கேள்வி. “டாக்டரம்மா, பார்வை வந்துவிடுமா?” என்று என் தங்கை கேட்டாள். “இப்போது சொல்ல முடியாது, அம்மா” என்றார் அவர். ஐந்து சொற்கள்கூட இல்லாத அந்த விடை எங்களுக்குக் கல்லெறிபோல் இருந்தது. ஒரு நிமிடத்தில் நோயைக் கண்டவருக்கு, நோயின் முடிவைச் சொல்லத் தெரியாதா?

அவர் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை என்பதை, அடுத்தடுத்த நாள்களில் அவர் பொறுமையோடு எடுத்துரைத்தவற்றாலும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றாலும் உணர்ந்தேன். சில குறிகள் உண்டு. தொடக்கத்திலேயே வெளிச்சம்கூடத் தெரியாமல் போனவர்களுக்கு மீட்சி அரிது. ஆயினும் இல்லவே இல்லை என்பதற்கில்லை. விபத்தில் நினைவிழந்தவர், நாற்பது வயதைக் கடந்தவர், முதல் 48 மணி நேரத்தில் எவ்வித முன்னேற்றமும் காணாதவர், மூக்கை அடுத்த எலும்பறைகளில் பின்புறத்தவற்றில் இரத்தம் தேங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தவர் ஆகியோர்க்கு நம்பிக்கை குறைவு. வி.இ.பி. என்றொரு பரிசோதனை உண்டு. கண்ணில் ஒளியைப் பாய்ச்சி, பின்தலையில் ஒட்டிய கம்பிகளின் வழியே மூளையில் எழும் மின்னலையைப் பதிவு செய்வார்கள். அலையே எழாவிடில் தீய குறி. எங்கள் பிள்ளைக்கு அலை எழுந்தது. தாழ்வாகவும் தாமதமாகவும் எழுந்தது. அவன் நினைவிழந்திருந்தான், ஆனால் இளைஞன். 48 மணி நேரம் கடந்திருந்தது. ஆனால் வெளிச்சம் தெரிந்தது. ஒரு தட்டில் ஒன்று ஏற, மறுதட்டில் ஒன்று ஏறியது. நூறு பேரைப் பற்றிப் பேசும் கணக்கு, அந்த நூற்றில் நம் வீட்டுப் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறான் என்று சொல்வதில்லை.

சிகிச்சையின் நிலையும் இத்தகையதே. வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தை மிகுந்த அளவில் ஏற்றுவதும், அறுவை செய்து எலும்புக் குழாயைத் தளர்த்துவதும் வழக்கில் இருந்தவை. பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து செய்த ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. பார்வைப் பலகையில் மூன்று வரிகளோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள், அறுவை செய்துகொண்டவர்களில் 32 விழுக்காடு. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 52 விழுக்காடு. ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களில் 57 விழுக்காடு. சும்மா இருந்தவர்களே மேல் என்று இதற்குப் பொருளன்று. அவர்கள் ஒன்பதே பேர். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வும் அன்று. எந்தச் சிகிச்சையையும் கட்டாயம் என்று விதிக்கச் சான்று இல்லை என்பதே அதன் முடிவு. பின்னர் 2004இல் வேறொரு செய்தி வந்தது. தலையில் அடிபட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினர் இரண்டு வாரத்துக்குள் இறந்தனர். பெறாதவர்களில் இறந்தவர்கள் 17.9 விழுக்காட்டினர். கண்ணுக்கென்று கொடுக்கும் மருந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்ற அச்சம் இதனால் எழுந்தது.

இவற்றையெல்லாம் சொல்லி, மருந்து ஏற்றாமல் கவனித்துப் பார்ப்பதே நல்லது என்று தாம் கருதுவதாக மருத்துவர் தெரிவித்தார். என் தங்கை வெளியே வந்து அழுதாள். “அண்ணே, மருந்தே கொடுக்காம ஒரு வைத்தியமா?” என்றாள். தாயின் நெஞ்சுக்கு அது நியாயமான கேள்வியே. ஏதேனும் செய்துகொண்டிருப்பது நமக்கு ஆறுதல். கைகட்டி நிற்பது வேதனை. ஆனால், நம் ஆறுதலுக்காக ஒரு மருத்துவர் நோயாளியின் உடலில் மருந்தை ஏற்றலாகாது. பிறர் கண்ணீரின் முன்னும் தன் கையைக் கட்டிக்கொள்ளத் தெரிந்தவரின் மனவலிமை எத்தகையது என்பதை அன்று எண்ணி வியந்தேன்.

பத்தாம் நாள் அவன் இடக்கண்ணால் கையசைவைக் கண்டான். ஆறாம் வாரத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ணினான். வீட்டில் திருவிழாக் களை பிறந்தது. அதே வேளையில் ஓ.சி.டி. என்னும் கருவி வேறு கதை சொன்னது. 1991இல் உலகுக்கு அறிமுகமான அந்த நுட்பம், விழித்திரையின் படலங்களை ஒளியாலேயே அளந்து காட்டுகிறது. விழித்திரையில் நரம்பிழைகள் பரவியிருக்கும் படலம், நலமான கண்ணில் நரம்பு முகப்பைச் சுற்றிச் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புடையது. முதல்முறை எடுத்த படத்தில் இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருந்தன. மூன்றாம் வாரத்தில் இடக்கண்ணின் உட்படலம் மெலியத் தொடங்கியிருந்தது. மூன்றாம் மாதத்தில் பச்சை நிறத்தில் இருக்கவேண்டிய இடமெல்லாம் சிவந்திருந்தது.

பார்வை கூடுகிறது, படலம் தேய்கிறது. இரண்டும் எப்படி ஒருங்கே மெய்யாகும்? நான் கேட்டேன். “மயங்கிக் கிடந்த இழைகள் சில விழித்துக்கொண்டன, ஐயா. அறுந்துபோன இழைகள் இப்போதுதான் மடிகின்றன. விழித்தவை தந்த பார்வை நிற்கும். மடிந்தவை திரும்ப வாரா” என்றார் மருத்துவர். எத்தனை பேர் பேசியும் எனக்கு விளங்காத ஒன்று அந்தச் சிறு விடையில் விளங்கியது. ஒரே வீட்டில் ஒரே நாளில் ஒருவர் உடல்தேறி எழுவதும் ஒருவர் மறைவதும் உண்டல்லவா? நம்பிக்கையும் இழப்பும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

இந்தக் காத்திருப்பின் நடுவில்தான் ஒருவர் வீடு தேடி வந்தார். தொலைவிலுள்ள ஒரு நகரில், குருத்தணுக்களைச் செலுத்தி நரம்பையே புதிதாக வளர்க்கிறார்கள் என்றார். செலவு சில இலட்சம். “நூற்றுக்கு நூறு பார்வை வரும்” என்றும் உறுதி கூறினார். கண் மருத்துவர் சொல்லத் தயங்கியதை இவர் தயங்காமல் சொன்னார். அதுவே என் தங்கையின் மனத்தைக் கவர்ந்தது. மறைந்த கணவர் விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்றுவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். நான் மருத்துவரிடம் கேட்டேன். பாலூட்டி உயிர்களில் பார்வை நரம்பு அறுபட்டால் தானே மீண்டும் வளர்வதில்லை. வளரச் செய்யும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றன. நிறுவப்பட்ட சிகிச்சையாக ஒன்றும் வரவில்லை என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், இரத்த நோய் முதலிய சிலவற்றுக்கன்றி, முறையான ஆய்வுக்கு வெளியே குருத்தணுச் சிகிச்சை அளிப்பதை ஏற்கவில்லை. இதனைத் தங்கைக்கு மூன்று நாள் எடுத்துச் சொன்னேன். முடிவில் அவளைத் தடுத்தது என் சொல் அன்று, மகனின் சொல். “அம்மா, தெரியாதுன்னு சொன்னவங்க நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல. தெரியும்னு சொன்னவர்தான் நிலத்தைக் கேக்குறார்” என்றான் அவன். நிலம் தப்பியது.

ஆறு மாதம் கழிந்தபின் மருத்துவர் இறுதி விடையைச் சொன்னார். மூன்று மீட்டர் தூரத்தில் விரல் எண்ணும் பார்வை நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டா. சிவப்பு நிறம் அந்தக் கண்ணுக்கு வெளிறியே தெரியும் என்றார். சொல்ல முடிந்த நாளில் அவர் சொல்லத் தயங்கவில்லை. அன்று எங்களில் ஒருவரும் அதிரவுமில்லை. ஆறு மாதமாகப் பொய்யான உறுதியில் வாழாமல் இருந்ததால், உண்மையைத் தாங்கும் வலிமை எங்களுக்குள் மெல்ல வளர்ந்திருந்தது.

ஒற்றைக் கண்ணின் வாழ்க்கை எளிதன்று. சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். படியிறங்கக் கால் தயங்கும். மறுகண் நலமாயிருக்க ஒரு கண் மட்டும் இழந்தவருக்கு அரசின் கணக்கில் 30 விழுக்காட்டு ஊனம். சலுகைகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 40 விழுக்காடு. ஆகவே சான்றிதழும் துணை வராது. ஓடும் இயந்திரத்தின் அருகே தூரத்தைத் தவறாக மதிப்பிடுவது ஆபத்து என்பதால், லேத் வேலையைக் கைவிட்டு, அதே பட்டறையில் அளவு சரிபார்க்கும் பணிக்கு மாறினான். எஞ்சிய கண்ணைக் காக்க உடையாத கண்ணாடி அணிகிறான். மருத்துவர் அவனுக்குக் கிரிக்கெட் வீரர் மன்சூர் அலிகான் பட்டோடியைப் பற்றிச் சொன்னார். 1961ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய வலக்கண்ணில் கண்ணாடிச் சில்லு பாய்ந்தது. அது நரம்பின் காயமன்று, கண்ணின் காயம். ஆயினும் இழப்பு ஒன்றே. அவ்வாண்டு டிசம்பரிலேயே இந்தியாவுக்காக ஆடத் தொடங்கியவர், 1962 ஜனவரியில் நம் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். மார்ச்சில், 21ஆம் வயதில், அணித்தலைவரானார். எல்லாரும் பட்டோடி ஆகிவிட முடியாது. ஆனால், மூளை ஒற்றைக் கண்ணோடு உலகை அளக்கக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அவர் சான்று. எங்கள் பிள்ளையும் இப்போது ஒரு துளி சிந்தாமல் காப்பி ஆற்றுகிறான்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் புருவத்திலும் நெற்றியிலும் அடிபட்டு விழுந்தால், காயம் சிறிதென்று அமைதி கொள்ள வேண்டா. அவர் நினைவோடு இருந்தால், ஒவ்வொரு கண்ணாக மறைத்து விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். இமை வீங்கியிருந்தால் நீங்கள் அதைப் பிதுக்கித் திறக்க வேண்டா. கண் பார்வையைச் சோதித்தீர்களா என்று மருத்துவரிடம் பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். தலைக்கவசத்தை வண்டிக்கு அணிவிக்காமல் தலைக்கு அணிவியுங்கள்.

‘தெரியாது’ என்ற சொல்லை இகழ்வாகக் கருதியே நாம் வளர்ந்திருக்கிறோம். வகுப்பறையில் அப்படிச் சொன்ன மாணவனை நாம் நிற்க வைத்தோம். ஆனால், அறியக்கூடியதையெல்லாம் அறிந்துகொண்டு, அதற்கப்பால் உள்ளதைத் ‘தெரியாது’ என்று சொல்பவர், துன்புறுவோனுக்குச் செய்யும் உபகாரம் பெரிது. அவர் அவனுடைய நம்பிக்கையைப் பறிப்பதில்லை. அதை விலை பேசுவதுமில்லை. நாளை என்ன ஆகும் என்று சொல்ல இயலாத இடத்தில், நாளையும் வந்து பார்க்கிறேன் என்று சொல்ல ஒருவரால் இயலும். அந்த மருத்துவர் எங்களுக்குச் சொன்னதும் அதுவே.